பேக்கரிக்காரர் வீட்டில் பணிஸ் இல்லை

பின்னேரம் நாலு மணிபோல அம்பிட்டியவில் எங்கள் ஒழுங்கைக்குப் பாணும் பணிஸும் விற்கிற த்ரீவீலர் ஏறி வரும். அது வாசிக்கிற மெட்டு வளைவு திரும்புவதற்கு முன்பே கேட்டுவிடும். அதற்கும் முன்னால் சூடான மாஜரீன் வாசம் வந்துவிடும். என் பிள்ளைகள் இருவரும் கேற்றடியில் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். பக்கத்து வீட்டில் இருப்பவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். மூன்று நாளாக இதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் நேற்று மதிலுக்கு மேலால் கேட்டுவிட்டார்.

"பாவம் தம்பி, பிள்ளையள். ஒரு பணிஸ் வாங்கிக் குடுத்தால் என்ன குறைஞ்சு போகும்?"

ஒன்றும் குறையாது டீச்சர் என்று சொல்லிவிட்டு, வாங்காமலே உள்ளே வந்தேன். நான் பேக்கரிக்காரர் மகன் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கோபித்திருப்பார்.

நாவலப்பிட்டியில், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருந்தது வாப்பாவின் பேக்கரி. கீழே கடை, பின்னால் போறணை, மேலே நாங்கள். ரப்பர் விறகு போட்டு எரிக்கும் அந்தப் போறணையின் சூடு எங்கள் அறைத் தரைவரை ஏறும். மழைக்காலத்தில் ஊரே குளிரில் சுருண்டு கிடக்க, நாங்கள் மட்டும் வெறுங்காலோடு திரிவோம். விடியும்போது பாண் வாசம் மரப்படியில் ஏறி வந்து என்னை எழுப்பும். பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்த பட்டப்பெயர் 'கிம்புலா'. முதலை மாதிரி நீளமாகச் செய்து சீனி தூவும் பணிஸின் பெயர் அது. அதை ஒரே மூச்சில் மூன்று தின்பேன் என்பதுதான் அந்த வயதில் எனக்கிருந்த ஒரே திறமை.

என் தங்கச்சி நஸ்ரினுக்கு அப்போது மூன்று வயது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் செல்லம். காலையில் கிறீம் பணிஸ், பகலில் கேக் துண்டு, பின்னேரம் பிஸ்கட். சோற்றைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். மாதம் ஒருமுறை கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் அவளைத் தராசுத் தொட்டிலில் போட்டு நிறுப்பார். ஒரு மாதம் நிறுத்த கையோடு, நிறையைக் கோடாகக் கீறும் அட்டையை உம்மாவிடம் திருப்பிக் காட்டினார். அதில் தங்கச்சியின் கோடு பச்சையிலிருந்து செம்மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்குத்தான் இப்படி இறங்கும் என்று நினைத்திருந்தோம். வரிசையில் நின்ற ஒரு தோட்டத்துத் தாய் அட்டையை எட்டிப் பார்த்து, "பேக்கரிக்காரங்க புள்ளைக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். உம்மா அட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

அன்றிரவு உம்மாவின் சட்டம் வந்தது. கடைச் சாமான் எதுவும் மேலே வரக்கூடாது. வாப்பாவின் முகம் சுருங்கிப்போனது. தன் கைப்பட மா பிசைந்து வளர்ந்த மனிதர் அவர்.

"என்ட கையால செஞ்ச சாமான் ஊருக்கே போகுது. என்ட புள்ளக்கி மட்டும் ஆகாதா?"

"ஊருக்கு அது தேத்தண்ணியோட ஒரு வாய். எங்கட புள்ளக்கி அதுதான் மூணு நேரமும்" என்றார் உம்மா. "நீங்க நல்லாத்தான் செய்றீங்க. ஆனா இந்தப் படியால அது ஏறாது."

அடுத்த நாள் முதல் வாப்பா சாப்பிட மேலே வரவில்லை. கடையின் பின்பக்கம், மா மூட்டைகளுக்கு நடுவே இருந்து பாணும் சம்பலும் தின்றார். வாப்பாவின் ராத்தா, எங்கள் மாமி, மூன்று வீடு தள்ளி இருந்தவர், வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார். பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்று ஊரே பேசுகிறதாம். உம்மா பொன்னாங்காணி ஆய்வதை நிறுத்தவில்லை. பேசட்டும், பேசி முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுப் போங்க மச்சி என்றார்.

இரண்டு நாள் தங்கச்சி சரியாகச் சாப்பிடவில்லை. உம்மா தட்டோடு அவள் பின்னால் ஓடவுமில்லை, வாயில் திணிக்கவுமில்லை. நேரத்துக்குச் சோறு வைப்பார். அவள் தின்கிறதைத் தின்னட்டும் என்று விட்டு, மிச்சத்தை எடுத்து வைத்துவிடுவார். எனக்குத்தான் நெஞ்சு பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் கீழே போய் ஒரு கிறீம் பணிஸைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்து, அலுமாரிக்குப் பின்னால் வைத்து அவளுக்கு ஊட்டினேன். பாதியை நானே தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தியாகிகளுக்கும் பசிக்கும்.

அவள் காதில் ஒட்டியிருந்த கிறீம் எங்களைக் காட்டிக்கொடுத்தது. உம்மா அடிக்கவில்லை.

"நீ அவள்ட பசிய களவெடுத்திட்டாய் மகன்" என்றார்.

அடித்திருந்தால் மறந்திருப்பேன். அழுகையும் ரோசமும் சேர்ந்து வர, உம்மாவைத் திருப்பிக் கேட்டேன்: "நீங்க மட்டும் தின்றீங்கதானே?"

அது உண்மை. நாலு மணிக்கு வெறுந்தேத்தண்ணியோடு ஒரு சீனி பணிஸ், கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உம்மாவின் ஒரே ஆடம்பரம். "அது ஞாயம்" என்றார். அன்று நாலு மணிக்குத் தேத்தண்ணி மட்டும்தான் குடித்தார். அதற்குப் பிறகு அவர் கையில் பணிஸைப் பார்த்த நினைவு எனக்கில்லை. இரண்டு பெருநாளுக்கும் எல்லோரும் சேர்ந்து கேக் வெட்டுவோம், அதோடு சரி.

மறுநாள், சொந்தக்காரர் வீட்டுக் கலியாணங்களுக்கு மட்டும் இறங்கும் சஹனை உம்மா அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினார். நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகத் தின்னும் அகன்ற தட்டு அது. நடுவில் சிவப்பரிசிச் சோறு. சுற்றிவரக் கீரைச் சுண்டல், பருப்பு, நெத்தலிப் பொரியல், ஈரப்பலாக்காய்க் கறி. யாரும் யாரையும் தின்னச் சொல்லக்கூடாது. வாப்பாவின் பக்கத்துக்கும் கறி வைக்கப்பட்டது. அந்தப் பக்கம் தொடப்படாமலே இருந்தது.

தங்கச்சி முதல் நாள் சோற்றில் கோடு கீறி விளையாடினாள். இரண்டாம் நாள் என் பக்கத்து நெத்தலியைக் களவெடுத்தாள். நான் கத்தினேன், உம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, உம்மாவின் கை போகிற இடத்துக்கெல்லாம் அவள் கையும் போய், கீரையை அள்ளி வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். விழுங்கினாள். பிறகு வாப்பாவின் பக்கத்தைக் காட்டிக் கேட்டாள்.

"இது யாருக்கு?"

"வாப்பாக்கு. பசிச்சா வருவார்."

அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. சோற்றையும் பருப்பையும் சுண்டலையும் சின்னக் கையால் பிசைந்து, பொத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். படியில் விழுந்துவிடுவாளோ என்று நான் பின்னாலேயே ஓடினேன். கடையில் ஞாயிற்றுக்கிழமைச் சனம். பாணுக்கு நிற்கும் தோட்டத்து ஆட்கள், ரயிலுக்கு நேரம் பார்ப்பவர்கள். எல்லோருக்கும் நடுவே அவள் வாப்பாவின் சாரத்தை இழுத்து, விரல் இடுக்கால் பருப்பு வழிய, கையை நீட்டினாள்.

"தின்னுங்க. நான் தின்டுட்டேன்."

வாப்பா ஒரு கணம் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு குனிந்து அந்தக் கையிலிருந்தே வாங்கித் தின்றார். ஒரு பருக்கை விடவில்லை. கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து சஹனில் தன் பக்கத்தில் உட்கார்ந்தார். உம்மா இன்னும் கொஞ்சம் கறி வைத்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வாப்பாவும் வந்தார். கோடு பச்சையை இன்னும் தொடவில்லை, ஆனால் ஏறத் தொடங்கியிருந்தது. மிட்வைஃப் மிஸ் அதை விரலால் தடவிக் காட்டியபோது, தன் கடையில் பல வருடம் பாணுக்கு நின்ற அதே தாய்மார்களின் வரிசையை வாப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் கையிலிருந்த அட்டைகளிலும் அதே செம்மஞ்சள்.

அடுத்த கிழமை கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் ஒரு பெரிய சட்டி வந்தது. அவித்த கொண்டைக்கடலை, மேலே தேங்காய்ச் சொட்டு. பேக்கரியில் கடலையா என்று ஊர் சிரித்தது, மாமி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். வாப்பா சட்டியை எடுக்கவில்லை. பின்னேரம் மிஞ்சினால் பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கையில் அள்ளிக் கொடுப்பார். அவர் கண்ணை மூடும்வரை அந்தச் சட்டி அந்த இடத்திலேயே இருந்தது.

வாப்பாவுக்கு இரண்டு வருடம் கழித்து உம்மாவும் போனார். நான் கண்டியில் உத்தியோகத்தில் இருந்தேன், கடை கைமாறியது. போறணையை இடித்துவிட்டார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. எங்கள் இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். பக்கத்திலெல்லாம் கலர் கலரான நொறுக்குத்தீன் பக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. பள்ளிக்கூடம் விட்ட நேரம். பிள்ளைகள் அவற்றைக் கிழித்துக் கிழித்துத் தின்றபடி போனார்கள். தெரு முழுக்க ஏறி இறங்கி, அவித்த கடலை இருக்கிறதா என்று கடை கடையாகக் கேட்டேன். எங்கும் இல்லை. கடைசிக் கடையில் இருந்த இளைஞன், "கடலையா சேர்? அதெல்லாம் இப்ப யாரு திங்கிற?" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. "நாங்க இன்னும் தின்றோம்" என்றேன்.