பெரியம்மா கழுவிய பேடுகள்

கார் பாலிஷ் கடையில் பெரிய வேலை பாலிஷ் போடுவதுதான் என்று எல்லாரும் நினைப்பார்கள். ஆரணியில் செய்யார் ரோட்டில் என் மாமா வைத்திருந்த கடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி வேலை பேடு கழுவுவது. மெஷின் முனையில் மாட்டுகிற ஸ்பாஞ்சு வட்டத்தைத்தான் பேடு என்போம். அதில் பாலிஷ் பசை காய்ந்து இறுகிவிட்டால், அடுத்த வண்டியில் பளபளப்புக்குப் பதில் கீறல் விழும்.

அந்த வருஷம் கழுவுகிற வேலையை அம்மாவின் அக்கா, என் பெரியம்மா எடுத்துக்கொண்டாள். தேவிகாபுரத்திலிருந்து பெரியப்பாவோடு கோபித்துக்கொண்டு வந்திருந்தாள். வரும்போது இடது கை வீங்கியிருந்தது. குழாயடியில் வழுக்கிவிட்டது என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். கை தேறியதும் சும்மா உட்கார முடியவில்லை, வீட்டுக்கு முன்னாலேயே இருந்த கடைக்கு வந்துவிட்டாள். பேடை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, முறுக்காமல் உள்ளங்கையால் அமுக்கி அமுக்கிப் பிழிந்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசி, நிழலில் காயவைப்பாள். யாராவது தொட்டால் தொலைந்தோம்.

"கைய எட்றீ! காயிறதுக்குள்ள இன்னா அவசரம்?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். கோபமெல்லாம் போதும், சாயங்கால பஸ்சில் அனுப்பிவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். பெரியம்மாவை யாரும் கேட்கவில்லை. அவள் முகம் கழுவப் போனாள். மாமாவோ விறுவிறுவென்று கடைக்கு வந்து, காய்ந்த பேடுகளை எல்லாம் எடுத்துப் பசையை வழித்துப் பூசி பக்கெட்டில் முக்கினார்.

"மாமா! இப்பதான் கழுவி வெச்சாங்க!"

"நீ கொஞ்சம் வாய மூடிகினு இரு."

பெரியப்பா வெளியே வந்தார். "கெளம்பலாமா? பஸ்சு பூடும்."

"எப்பிடிங்க? காலைல கல்யாண வண்டி வருது. பேடு பூரா அழுக்கா கீது. அக்கா கழுவலன்னா நான் கடைய மூட வேண்டியதுதான்."

"நீயே கழுவேன்டா."

"நான் கழுவுனா பிஞ்சிடுதுங்க."

பெரியம்மா வந்து பக்கெட்டைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். மாமாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஜல்தியா முடி" என்று பெரியப்பா நாற்காலியை ரோட்டைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அவள் அமுக்கினாள், அலசினாள், தண்ணீரை மாற்றினாள். நான்தான் முதலில் கவனித்தேன்.

"பெரியம்மா, தண்ணி தெளிஞ்சிடுச்சி!"

பெரியப்பா செருப்பைத் தேடக் குனிந்தார். அந்த நேரத்தில் பெரியம்மா பசை டப்பாவில் விரலை விட்டு, ஒரு உருண்டையை எடுத்துப் பக்கெட்டில் கலக்கினாள். தண்ணீர் பாலாகிவிட்டது.

"எங்கடி தெளிஞ்சிது? நல்லா பாரு." பிறகு தலை நிமிராமலே பெரியப்பாவிடம், "நீங்க போங்க. நான் வர்ல" என்றாள்.

பஸ் ஹாரன் அடித்தது. "பெரிய பேஜாரா பூடுச்சி" என்று முணுமுணுத்துக்கொண்டு பெரியப்பா ஓடினார்.

எனக்கு ஆறவேயில்லை. ஒருமுறை கழுவியதையே மறுபடி கழுவ வைத்தார்களே! நேராக அம்மாவிடம் ஓடினேன். மாமாவைக் கண்டித்து வை, இப்படி வேலை வாங்கினால் பெரியம்மா தேவிகாபுரத்துக்கே போய்விடுவாள் என்று முறையிட்டேன்.