சட்டைப் பையோடு போன திறப்பு

சிவரூபி மிஸிக்குப் பட்டம் வாங்கும் ஆசை எப்போது பிடித்தது என்று கேட்டால், நாரிப்பிடிப்பு வந்த நாளில் இருந்து என்று சொல்லிச் சிரிப்பாள். அது பாதி உண்மை. ஆண்கள் வார்ட்டில் பாரமான நோயாளிகளைப் புரட்டிப் புரட்டி அவளுடைய இடுப்பும் நாரியும் போய்விட்டன. பட்டம் இருந்தால் தாதியர் கல்லூரியில் படிப்பிக்கப் போகலாம். கதிரையில் இருந்து கதைக்கிற வேலை.

மற்றப் பாதியை அவள் யாருக்கும் சொல்வதில்லை. அப்பா செல்வராசா கலவரத்தில் மலையகத் தோட்டத்தை விட்டு உயிர் தப்பி ஓடிவந்து, வட்டக்கச்சியில் ஆயுள் முழுக்க மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றவர். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே ஒரு நோயாளியின் மனைவி, "மிஸி ஆற்ற பிள்ளை? அப்பா எந்த இடம்? ஓ... அந்த ஆக்களோ" என்று இழுத்தாள். அந்த இழுவை உள்ளே முள்ளாகக் கிடந்தது. பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் ஒட்டினால் அது கழன்று விழுந்துவிடும் என்று சிவரூபி நம்பினாள். இத்தனை வருஷம் மனிதரைப் பார்த்தவள் இதை நம்பியிருக்கக் கூடாது. ஆனாலும் நம்பினாள்.

வேலையை விடாமல் வீட்டில் இருந்தே இணையவழியில் பட்டம் பெறலாம் என்ற விளம்பரத்தில் ஒரு பெண் மடிக்கணினிக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பூச்சாடி. சிவரூபிக்குப் பின்னால் மாட்டுக்கொட்டில். வீட்டுக்குள் சிக்னல் எட்டிப் பார்க்காது, வாய்க்கால் கரைக்குப் போனால்தான் வரும். மடியில் கணினி, காலில் நுளம்புக் கடி. விரிவுரையாளர் ஆங்கிலத்தில் ஓட, இவள் விட்ட பஸ்ஸைத் துரத்துகிறவளைப் போல மூச்சு வாங்கப் பின்னால் ஓடினாள்.

முதலில் கொரோனா வந்தது. பிறகு பெற்றோலும் கரண்டும் இல்லாத வருஷம் வந்தது. அது போக மகள் வந்தாள். சாண் ஏற முழம் சறுக்கியது. கடைசியில் ஆய்வு முறைகள் என்ற ஒரே ஒரு பாடம் மிஞ்சியது. அதையும் இரண்டு தரம் விட்டாயிற்று. பதிவுக்காலம் இந்த வருஷத்தோடு சரி. இம்முறையும் தவறினால் எழுதிக் கடந்த எல்லாப் பாடமும் செல்லாமல் போய்விடும், மறுபடி முதலாம் ஆண்டு. அதற்கு அவளிடம் தெம்பு இல்லை. "இதோட விடும் சிவா, பாவம் நீர்" என்று புருஷன் சாருஜன் சொல்லிவிட்டான். அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். இரக்கப்பட்டதுதான் சுட்டது.

அந்தப் பாடத்துச் சோதினை எழுதும் நாளுக்கு லீவு கேட்டாள். ஆள் இல்லை என்றார்கள். காலை டியூட்டியை முடித்துவிட்டு, கிளிநொச்சி டவுனில் சாருஜனின் மச்சானுடைய கடைக்கு மேலே உள்ள அறையில் இருந்து எழுதுவதென்று ஏற்பாடு. அங்கே சிக்னல் நன்றாக வரும்.

வார்ட் முழுக்க விஷயம் தெரியும். மூலைக் கட்டில் பொன்னையாவுக்குக் கூடத் தெரியும். தாடையில் புற்றுநோய். யாழ்ப்பாணத்து வைத்தியர்கள் கைவிட்டு, நோவுக்கு ஊசி போட மட்டும் ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்த மனிதர். வாய் ஒரு பக்கம்தான் திறக்கும். "லொறியில போற என்ர மகனிட்டச் சொல்லியிருக்கிறன் மிஸி, முறிகண்டிப் பிள்ளையாரிட்ட உங்களுக்கெண்டு ஒரு தேங்காய் உடைக்கச் சொல்லி" என்று காலையில் அந்த ஒரு பக்கத்தால் சொன்னார். சிவரூபிக்குக் கண் கலங்கிவிட்டது.

டியூட்டி மாறும்போது அங்கே ஒரு வழக்கம் உண்டு. போகிறவளும் வருகிறவளும் மருந்து அலுமாரிக்கு முன்னால் நின்று, உள்ளே பூட்டி வைத்திருக்கும் மோர்பீன் குப்பிகளை எண்ணுவார்கள். சரியென்றால் இருவரும் கையெழுத்து வைப்பார்கள். பிறகு அலுமாரியின் திறப்பு, அந்தச் சாவி, கை மாறும். அதை மேசையில் வைக்கவும் கூடாது, ஆணியில் கொழுவவும் கூடாது. கையிலிருந்து கைக்குத்தான்.

அன்றைக்குப் பின்னேர டியூட்டிக்காரி கஜனி, நல்ல பிள்ளை, அக்கா சோதினைக்குப் போகவேண்டும் என்று வெள்ளென வந்துவிட்டாள். எண்ணினார்கள். கையெழுத்து வைத்தார்கள். சிவரூபி அலுமாரியைப் பூட்டித் திறப்பை உருவுகிற நேரம், உழவு மெசின் புரண்டு கால் நசுங்கிய ஒருவனைத் தூக்கிக்கொண்டு நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். இரண்டு பேரும் அங்கே ஓடினார்கள். இரத்தத்தை மறித்து, சேலைன் ஏற்றி, அம்புலன்ஸில் அனுப்பி முடிய நேரம் போய்விட்டது. "அக்கா, நிக்காதேங்கோ! மிச்சம் நான் பாக்கிறன், ஓடுங்கோ!" என்று கஜனி தோளைப் பிடித்துத் தள்ளினாள். சிவரூபி உடுப்பும் மாற்றாமல் ஸ்கூட்டியில் ஏறினாள்.

சோதினை தொடங்கியது. கமெராவுக்கு முன்னால் முகம் இருக்க வேண்டும். எழும்பிப் போனால் வினாத்தாள் மூடப்படும் என்று மேற்பார்வையாளர் கொழும்பில் இருந்து ஆங்கிலத்தில் சொன்னார். கேள்விகளைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எல்லாம் படித்தவை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பாடம் அவளோடு சண்டை பிடிக்கவில்லை.

பாதி எழுதிவிட்டபோது போன் அதிர்ந்தது. கணினிக்கு இணைப்புத் தருவதே அந்தப் போன்தான், நிறுத்தி வைக்க வழியில்லை. கோல் வந்தால் இணைப்பு அறுந்துவிடும். சட்டென்று வெட்டினாள். திரும்பவும் வந்தது. வெட்டினாள். பிறகு மெசேஜ் விழுந்தது. "அக்கா, மோர்பீன் திறப்பு உங்களிட்டயோ? பொன்னையா ஐயா நோவில துடிக்கிறார்."

கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. திறப்பு இருந்தது.

மற்றத் திறப்பு வைத்திருக்கும் பெரிய மிஸி லீவில் யாழ்ப்பாணம் போயிருந்தார். சிவரூபி உடனே எழும்பவில்லை. அதை மறைத்து அவளைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தானே, கிழவர் பொறுப்பார் என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் பதில் எழுதினாள். ஒரு முழுப் பதில். எழுதி முடிந்தபோது, நோ வரும் நேரங்களில் பொன்னையா துவாய்த் தலைப்பைக் கடித்துக்கொள்வதும், கடிக்கத் தாடைக்கு வலு இல்லாமல் அது நழுவி விழுவதும் கண்ணுக்குள் வந்து நின்றன. "நோயாளி ஒருவருக்காகப் போகவேண்டும், சேர்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மேற்பார்வையாளர் முன்பு சொன்னதையே மறுபடியும் சொன்னார். அவள் எழும்பினாள்.

"வாறன்" என்று ஒரு மெசேஜைத் தட்டி, போனை ஸ்கூட்டியின் சீற்றுக்குக் கீழே போட்டுப் பூட்டினாள். வட்டக்கச்சி வீதியில் நெல் காயப்போட்டிருந்தவர்கள் ஏசும்படி ஓடினாள்.

வார்ட் வாசலில் கஜனி அவளைக் கண்டு திகைத்தாள்.

"அக்கா! நீங்கள் ஏன் வந்தனீங்கள்? பெண்கள் வார்ட்டில இருந்து ஒரு குப்பி கைமாத்தா எடுத்து அப்பவே குத்திப்போட்டன். ஐயா படுத்திட்டார். வரவேண்டாம் எண்டு மெசேஜ் போட்டனானே!"

சிவரூபி வெளியே நின்ற ஸ்கூட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் புறப்பட்ட கையோடு அந்த மெசேஜ் வந்திருக்கும். சீற்றுக்குக் கீழே, இருட்டில். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். தாழியைத் தன் கையாலேயே போட்டு உடைத்துவிட்டு வந்து நிற்பவளை என்னவென்று சொல்வது?

"அப்ப... சோதினை?"

சிவரூபி இல்லை என்று தலையை ஆட்டினாள். கஜனி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். "நான்தான் அக்கா வாங்க மறந்தனான்."

"நான்தான் தர மறந்தனான். அழாதையும், நோயாளியள் பாக்கினம்."

அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. இரண்டு பேரும் அலுமாரியைத் திறந்து, பெண்கள் வார்ட்டுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு குப்பியை எடுத்து, மிச்சத்தை எண்ணினார்கள். சிவரூபி திறப்பைக் கஜனியின் உள்ளங்கையில் வைத்தாள்.

அரவம் கேட்டுப் பொன்னையா கண்ணைத் திறந்தார். ஊசியின் மயக்கம் இன்னும் இருந்தது.

"மிஸி, வந்திட்டியளே? தேங்காய் சரி பாதியாப் பிளந்ததாம். மகன் போன் எடுத்தவன்."

"நல்லது ஐயா."

"அப்ப பாஸ்தான். இனி எங்களை விட்டிட்டுப் படிப்பிக்கப் போயிடுவியள், என்ன?"

சிவரூபி அவருடைய தலையணையைச் சரிசெய்தாள். குனிந்தபோது நாரி பிடித்தது.

"எங்க ஐயா போறது? நாளைக்குக் காலமையும் நான்தான் டியூட்டி."

கிழவருக்குச் சந்தோஷம். திறக்கிற அந்த ஒரு பக்கத்தால் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.