சங்கரலிங்கத்தை வெட்டிய வரி

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. லிங்க்கைத் தட்டினால் நாதஸ்வரம் ஒலிக்கிறது, பூ உதிர்கிறது. மாப்பிள்ளையின் தாத்தா பெயர் மட்டும் ஒரு வரியில் 'சங்கரலிங்', அடுத்த வரியில் 'கம்' என்று கிடக்கிறது. பூவை உதிர்க்கத் தெரிந்த மேதைக்கு ஒரு பெயரை உடையாமல் வைக்கத் தெரியவில்லை.

ரொம்பத்தான் பேசுகிறேன். அதே பெயரை முதலில் வெட்டியவன் நான்தான்.

அப்போது தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. பக்கத்துப் புரோட்டாக் கடை எண்ணெய் வாடை இல்லாமல் இன்றும் எனக்கு வேலை ஓடாது. 'வெப் டிசைனர்' என்று போர்டு மாட்டிய எங்கள் முதலாளிக்குத் தெரிந்ததெல்லாம், வரி முடிய வேண்டிய இடத்தில் அதை முறித்து அடுத்த வரிக்குத் தள்ளும் ஒரு பிஆர் டேக். அவர் மானிட்டரில் சரியாக இருந்தால் உலகத்துக்கே சரி.

குத்துக்கல்வலசைக்காரர் ஒருவர், துபாயில் இருக்கும் சொந்தங்களுக்காக மகள் கல்யாணப் பத்திரிகையை வெப்சைட்டாகக் கேட்டார். நீளமான பெயர்கள் போனில் ஓரத்தைத் தாண்டி ஓடின. நான் பெரிய அறிவாளி அல்லவா, ஓரம் வந்தால் எந்த எழுத்திலும் உடைத்துக்கொள் என்று வெப்சைட்டுக்கு மொத்தமாகக் கட்டளை போட்டுவிட்டேன்.

பெண்ணின் தாய்மாமன் சங்கரலிங்கம், ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. எங்கள் பக்கம் பத்திரிகையில் தாய்மாமனுக்குத் தனி வரி. அதை யாரும் மடக்க மாட்டார்கள். போனும் கையுமாக வந்து நின்றார்.

"ஏலே, இங்கன பாரு. உசுரோட இருக்கவன் பேர, அதுவும் கல்யாணப் பத்திரிகையில, ரெண்டா வெட்டிப் போட்டிருக்கியே."

முதலாளி தலையைத் தூக்கவில்லை. "ஒங்க போனு சின்னது அண்ணாச்சி. பெருசா ஒண்ணு வாங்குங்க."

"அப்ப மாமனையும் பெருசா ஒருத்தனப் பாத்துக்கிடச் சொல்லு."

போய்விட்டார். மாமன் வராமல் மணவறைக்குப் போகமாட்டேன் என்று பெண் அழுததாகச் சேதி வந்தது. முதலாளி இன்னும் நாலு பிஆர் தட்டினார். இங்கே நேரானது துபாயில் கோணியது. அந்த ஆளிடம் சம்பளம் வாங்கியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, 'இந்தப் பெயரை மட்டும் மடக்காதே' என்று சொல்லும் நோ-ராப் கட்டளையைக் கண்டுபிடித்தேன். ஐந்தருவி ரோட்டில் இருந்த மாமன் வீட்டுக்கு ஓடினேன். அவர் போனை நிமிர்த்திப் பார்த்தார், படுக்க வைத்துப் பார்த்தார்.

"வாரேன்னு சொல்லு."

நேற்று வந்த பத்திரிகையின் மாப்பிள்ளை அவர் பேரன்தான்; கூப்பிட்டு, தாத்தா பெயர் உடைந்திருப்பதைக் கேட்டேன். "விடுங்கண்ணே, எல்லாம் போனு ஆப்பு செய்யுது. பேரெல்லாம் இப்ப யாரு படிக்கா?" என்று சொல்லி, தாத்தாவிடம் போனைக் கொடுத்தான்.

"ஏலே, எனக்குக் கண்ணு தெரியல. எம் பேரு ஒடையாம இருக்கான்னு நீ பாத்துச் சொல்லு."

"முழுசா இருக்கு அண்ணாச்சி" என்றேன். இதற்காகச் சண்டைக்கு வர மிச்சமிருந்த ஒரே ஆளிடமும் பொய் சொல்லிவிட்டேன்.