பன்னிரண்டு முடிச்சுக் கயிறு

எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி விசுவலிங்கம், கூலியாள் மாயாண்டிக்கு ஐந்து வெள்ளி கடன்பட்டிருந்தார். ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு இல்லை. வெள்ளைக்காரன் காலத்து, ராஜா தலை போட்ட பழைய நோட்டு. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் வாசிக்கும் பெரட்டுக் களத்தில் நூறு பேர் கேட்க, கிராணி தம் வாயாலேயே பந்தயம் கட்டித் தோற்ற கடன்.

மாயாண்டி பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஆனால் கோலா சாவா பக்கத்து எஸ்டேட்டுகளில் கூலிகள் குடியிருக்கும் லயமோ வடிகாலோ, கோணாமல் நிற்கிற மூலை எதைக் காட்டினாலும் அது அவர் பிடித்த கயிறு. இல்லை என்கிறவன் போய் அளந்து பார்க்கட்டும். முதல் உலகச் சண்டையின்போது பட்டாளத்தோடு மண்வெட்டிக் கூலியாக எகிப்துக்குப் போனவர் அவர். அங்கே ஒரு கிழக் கொத்தனார் கூடாரம் அடிக்க மூலை பிடிப்பதைப் பார்த்தார். பன்னிரண்டு முடிச்சு, முடிச்சுக்கு முடிச்சு ஒரே இடைவெளி, இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டிய கயிறு. ஒரு பக்கம் மூன்று இடைவெளி, அடுத்த பக்கம் நான்கு, மிச்சம் ஐந்து என்று முளையடித்து இழுத்தால் மூலை சதுரமாக நிற்கும். நைல் வெள்ளம் வரப்பை அழிக்கும்போதெல்லாம் தன் பாட்டன் பூட்டன் இப்படித்தான் வயலை மறுபடி பிரித்தார்கள் என்று கொத்தனார் கையைக் காலை ஆட்டிச் சொன்னது, பாஷை தெரியாத மாயாண்டிக்கு நன்றாகப் புரிந்தது.

ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் பாலை வாங்க ஆளில்லை. பழைய மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி போடு, குடும்பத்துக்கு ஒரு சதுரம் என்று அதிகாரி உத்தரவு போட்டான். அளக்கிற சங்கிலியைப் பட்டாளம் ஏற்கெனவே தூக்கிப் போயிருந்தது. மாயாண்டி கயிற்றோடு இறங்கி ஒரு வாரத்தில் நாற்பது சதுரம் பிரித்துக் கொடுத்தார். வந்து பார்த்த அதிகாரியிடம் கிராணி, "இது நான் புத்தகத்தில் படித்த கிரேக்க முறை" என்று சொல்லித் தோளில் தட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள், ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில்பாதை வேலைக்குப் போகிறவர்கள் என்று தாம் எழுதிய பட்டியலை வாசித்தார். அதில் மாயாண்டி பெயர் இருந்தது. சயாமுக்குப் போனவன் திரும்பியதில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

மாயாண்டி வரிசையை விட்டு முன்னால் வந்தார். "கயித்துக்காரன் போயிட்டா அளக்கிறது யாருங்கய்யா?"

"நான் அளப்பன். அது பைத்தகோரஸ் எண்ட கிரேக்க ஞானியின்ர கணக்கு. கணக்கு, தத்துவம் எல்லாம் அந்த ஆக்கள் உலகத்துக்குக் குடுத்தது. உமக்கென்ன தெரியும்?"

"அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அவையளுக்கு ஆர் சொல்ல வேணும்?"

"எகிப்துக்காரன் சொல்லியிருப்பான். நான் அவன்கிட்டதான் பார்த்தேன்."

கிராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ர புத்தகத்தில அப்பிடி ஒரு வரி இருந்தா, ராசா தலை நோட்டு அஞ்சு வெள்ளி தாறன்!"

அவர் மனைவி மீனலோசனி களத்தை ஒட்டிய வீட்டுப் படியில் நின்றிருந்தாள், இங்கிலீஷ் படித்தவள். "இருக்குதே. தேல்ஸ் எண்ட ஞானியும் பைத்தகோரஸும் எகிப்துக்குப் போய்ப் பூசகர்மாரிட்டப் படிச்சவை எண்டு பழைய ஆக்கள் எழுதி வச்சிருக்கினமாம். பிளேட்டோவும் போனவராம். நானே வாசிச்சனான்."

"நீ உள்ள போ!"

"தோத்துட்டார்டா கிராணி!" என்று பின்வரிசையில் ஒரு குரல். கடன் அப்படித்தான் விழுந்தது. பட்டியல் மட்டும் மாறவில்லை.

லாரி வர மூன்று நாள் இருக்கும்போது அதிகாரி அடுத்த காட்டை அளக்கச் சொன்னான். கிராணி புதுக் கயிறு வாங்கி, மாயாண்டி போட்டது போலவே பன்னிரண்டு முடிச்சு எண்ணிப் போட்டார். ஆனால் முனைகளைச் சேர்த்துக் கட்டவில்லை. முதல் முடிச்சிலிருந்து கடைசி முடிச்சு வரை பதினோரு இடைவெளிதான். இழுத்த மூலை கோணிக்கொண்டு போனது. ஐந்தாவது சதுரம் வடிகாலுக்குள் விழுந்தது. அதிகாரியின் கை கத்திப்பிடிக்குப் போனது.

கிராணி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "மாயாண்டி, கெதியா வாரும்!"

மாயாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கயிறு என்கிட்ட இருக்கு. பேரு சயாம் பட்டியல்ல இருக்கு. ரெண்டும் ஒரே எடத்துலதான் இருக்கும். நான் போனா கயிறும் என்கூட சயாமுக்கு வரும்."

"உம்மட பேரை வெட்டிறன்."

"என் எடத்துல வேற எவன் பேரும் வரக்கூடாது. யாரு வித்தைன்னு அவன்கிட்ட நீங்களே சொல்லணும்."

கிராணி அதிகாரி முன்னாலேயே பெயரை அடித்தார். தலை குனிந்து, "இது எகிப்து வித்தை. எனக்குத் தெரியாது, இவருக்குத்தான் தெரியும். அளவு முடியும்வரை இவர் இங்கே வேண்டும்" என்றார். அதிகாரிக்குச் சதுரம் வந்தால் போதும், தலையை அசைத்தான்.

"முடிச்ச எண்ணிட்டீங்கய்யா. இடைவெளிய எண்ணணும்" என்று சொல்லி மாயாண்டி கயிற்றை வளையமாகக் கட்டி, முளையை அடித்து இழுத்தார். மூலை அசையாமல் நின்றது.

உயிர் தப்பியாயிற்று, ஆனால் அவர் கடனை விடவில்லை. கிராணி வாழைமர நோட்டை ஐந்தாக நீட்டினார், அப்புறம் ஐம்பதாக நீட்டினார். வீட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர எதுவும் வேகாத நாளிலும் மாயாண்டி வாங்கவில்லை. "ராஜா தலைன்னு சொன்னீங்க" என்பதோடு சரி. இரண்டு வருஷம் பெரட்டு கலையும்போதெல்லாம், "அஞ்சு வெள்ளிங்கய்யா" என்று கேட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் நுழைவார்.

ஜப்பான்காரன் தோற்று லாரி ஏறின வாரம், வாழைமர நோட்டைப் பிள்ளைகள் கப்பல் செய்து வடிகாலில் விட்டார்கள். கிராணி வீட்டுக் கோழிக்கூட்டுக்கு அடியில் ராஜா தலை நோட்டுகளோடு புதைத்திருந்த பிஸ்கட் டின்னை மீனலோசனி தோண்டி எடுத்து, அதே களத்துக்குக் கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்தாள்.

மாயாண்டி உள்ளங்கையை விரித்தார். கிராணி நூறு பேர் கேட்க எண்ணி வைத்தார்: "ஒண்டு... ரெண்டு... மூண்டு... நாலு... அஞ்சு."