இழுவை கூட்டின லொறி

பருத்தித்துறையில் பஸ்சைத் தவறவிட்ட என்னை, மீன் ஏற்றிய பழைய சின்ன லொறிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். நரைத்த தாடி, இடுப்பில் உப்பேறிய சாரம். கராஜில் டர்போ பூட்டி இழுவை கூட்டியிருக்கிறாராம். ஆனாலும் லொறி ஊர்ந்தது. சைக்கிள்காரர்கூட முந்திப் போனார்.

“டர்போ நித்திரையோ அண்ணை?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வழி நெடுகச் செய்ததுபோல டாஷ்போர்ட்டைத் தடவினார். “என்ரை மனிசிக்கு நெஞ்சு நொந்த அண்டைக்கு இவன் இழுக்கேல்லைத் தம்பி. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகேக்கை அவவுக்குச் சீவன் இல்லை. பிறகுதான் டர்போ பூட்டினனான். இப்ப ஆரை ஏத்திக்கொண்டு பறக்க?”

“அண்டைக்கும் லோட் இருந்ததோ?”

“ஓம், முழு லோட். ஐஸ் பெட்டியளை இறக்கினா நேரம் போயிடுமெண்டு அப்பிடியே வெளிக்கிட்டிட்டன்.”

பின்னால் குலுங்கிய ஐஸ் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தேன். எஞ்சினில்தான் பிழை என்று அவர் நம்பியிருக்கட்டும்.