ஒரே ஆளுக்கு இரண்டு நாடி

தையல்காரம்மாவுக்கு எதையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். சுத்தப் பருத்தி என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார். இவள் துணியின் ஓரத்தைக் கட்டைவிரலில் ஒரு உருட்டு உருட்டிவிட்டு, "பாதிக்குப் பாதி கலப்படம்ணே" என்பாள். இருபது வருடமாக வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைப்பவள். அந்த விரல் அவளை ஏமாற்றியதே இல்லை, இந்த ஒரு விஷயத்தைத் தவிர.

அவள் கணவர் பெயின்டர். ஒரு நாள் உச்சி வெயிலில் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோது கண் இருட்டி ஏணியிலிருந்து சரிந்து விழுந்தார். நல்ல வேளையாக அடிப்படிகளில்தான் நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் கம்பி ஒட்டிப் படம் எடுத்தார்கள். "வெறும் வயித்தோட வெயில்ல நின்னிருக்கார், தண்ணியும் குடிக்கல. இதயம் கல்லு மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். பெயின்டர் அன்றே தெம்பாகிவிட்டார். தையல்காரம்மாதான் ஆடிப்போய்விட்டாள். மனுஷன் மேல்படியில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது நர்ஸைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், இதயம் சரியா ஓடுதான்னு வீட்லயே பார்க்க வழி இருக்கா?" ஆயிரம் வேலைக்கு நடுவில் அந்தப் பெண் பெயின்டரின் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். "இந்த இடத்துல அழுத்தினா துடிக்கும். ஒரு நிமிஷம் எண்ணுங்க. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அறுபதுக்கும் நூறுக்கும் நடுவுல இருக்கணும்."

எந்த விரலால் என்று நர்ஸும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. எந்த விரலை வைத்திருப்பாள் என்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் காலையிலேயே பெயின்டரை ஸ்டூலில் உட்காரவைத்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள். நூறைத் தாண்டியது. அதற்கடுத்த நாளும் தாண்டியது. சில நாள் தடதடவென்று ஓடிவந்த துடிப்பு நடுவில் ஒன்றை விழுங்கிவிட்டு மறுபடி ஓடும். அந்த நொடியில் அவள் கடிகாரத்தை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். மறுபடி டாக்டரிடம் போகலாம் என்றால் பெயின்டர் அசையவில்லை. "அவர்தான் ஒண்ணும் இல்லைனுட்டாரே." இவளுக்கும் உள்ளூரப் பயம்தான். போய், அவர் வேறு ஏதாவது சொல்லிவிட்டால்?

ஏணிப் பக்கமே போகக்கூடாது என்று கட்டளை போட்டாள். மேஸ்திரி போன் செய்தால், "அவருக்குக் காய்ச்சல்" என்று கூசாமல் புளுகினாள். முதலில் கிண்டலடித்த பெயின்டரையும் நாளாக நாளாகப் பயம் தொற்றிக்கொண்டது. நெஞ்சில் கை வைத்தபடியே தூங்க ஆரம்பித்தார்.

அவளுக்கோ தூக்கமே போய்விட்டது. ஃபேன் காற்றிலும் வியர்த்தது. நன்றாகத்தான் சாப்பிட்டாள், ஆனாலும் ஜாக்கெட் தொளதொளத்தது. ஊசியில் நூல் கோக்கப் போனால் கை நடுங்கியது. "புருஷனைப் பத்தின கவலை ஆளையே தின்னுது பாரு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தையல்காரம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒரு காலை மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார், இன்றைக்கு வராவிட்டால் வேறு ஆள். பெயின்டர் சட்டையை மாட்டினார்.

"ஒரே ஒரு தடவை பார்த்துடறேங்க" என்று கையைப் பிடித்தாள். துடிப்பு குதிரை மாதிரி ஓடியது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறவள். "நீ அந்தக் கையைப் பிடிச்சு எண்ணு. எனக்குப் பயமா இருக்கு."

மகள் மூன்று விரல்களை அப்பாவின் இன்னொரு மணிக்கட்டில் வைத்தாள். முள் ஒரு சுற்று வந்தது.

"நூத்தி முப்பது" என்றாள் அம்மா.

"எழுபத்திரண்டு" என்றாள் மகள்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு இதயமா? ரெண்டாவது யாருக்குன்னு கேட்டுடாதே" என்றார் பெயின்டர். யாரும் சிரிக்கவில்லை.

கையை மாற்றிப் பிடித்து எண்ணினார்கள். அதே வித்தியாசம். மகளின் பார்வை அம்மாவின் கையில் நின்றது.

"அம்மா, கட்டைவிரலை வச்சா பார்க்கிற? அதுக்குள்ளயே நாடி ஓடும்மா. அதனாலதான் ஸ்கூல் லேப்ல கட்டைவிரல் வைக்கவே கூடாதுன்னாங்க. இதயம் ஒரு தடவை அடிச்சா அந்த அலை எல்லா ரத்தக்குழாய்க்கும் போகும். ரெண்டு கையிலயும் ஒரே கணக்குதான் வரணும்."

"அப்ப அப்பாவுக்கு?"

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல."

தையல்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி, என்னை நோயாளியாவே ஆக்கிட்டியே" என்று பெயின்டரும் சிரித்தபடி செருப்பைத் தேடினார்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப இத்தனை நாளா நீ எண்ணினது யாரோடதும்மா?"

பெயின்டரின் கால் செருப்பில் பாதி நுழைந்த நிலையில் நின்றது. மகள் தரையில் மண்டியிட்டு அம்மாவின் மணிக்கட்டில் விரல்களை வைத்தாள். அவள் உதடுகள் எண்ணத் தொடங்கின, வேகமாக, இன்னும் வேகமாக. நடுவில் ஒரு முறை நின்று தடுமாறின. தையல்காரம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

அன்றைக்கும் பெயின்டர் வேலைக்குப் போகவில்லை.

அதே டாக்டர் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி விரல்களின் நடுக்கத்தைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். சாயங்காலம் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அது தேவைக்கு மேல சுரந்து உடம்பையே விரட்டுது. அதான் இளைப்பு, வியர்வை, படபடப்பு எல்லாம். மாத்திரையில கட்டுப்படுத்தலாம். ஆனா இதயம் இப்படித் தாளம் தப்பி ஓடுறதை இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." அவர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். கவலை என்று பெயர் வைத்து அவள் தைத்துச் சிறிதாக்கிக்கொண்ட ஜாக்கெட் அன்றும் தொளதொளத்தது.

மறுநாள் காலை ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே பெயின்டர், மகள் சொல்லிக்கொடுத்தபடி மூன்று விரல்களை அவள் கையில் வைத்திருந்தார். எண்ணிக்கை தவறியது. முதலிலிருந்து எண்ணினார். மறுபடி தவறியது.

"பேசாம இரு" என்றார். அவள் வாயே திறக்கவில்லை. அவர் விரல்கள்தான் நடுங்கிக்கொண்டிருந்தன.