வேண்டாம் என்றால் வேண்டாம்தான்

எங்கள் வீட்டில் ‘வேண்டாம்’ என்றால் இன்னொரு தடவை கேள் என்று அர்த்தம். அம்மாவுக்குக் கோபம் வந்தால் பாத்திரங்கள் பேசும். தம்பிக்கு வந்தால் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொள்வான். ஆள் மாற்றி ஆள் போய்க் கெஞ்ச வேண்டும். எனக்கு வாய்தான், அது தெருவுக்கே தெரியும். இப்படி உணர்ச்சி கரைபுரண்டு ஓடும் குடும்பத்துக்குத்தான் தம்பி மனைவியாக வந்து சேர்ந்தாள் ‘கல்லு’. பெயர் வைத்தவள் நான்.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. வளர்ந்து ஆளான பிறகுதான் ஒரு டாக்டர் அவளுக்கு ஆட்டிசம் என்று கண்டுபிடித்தாராம். தம்பியிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். வந்த புதிதில் எங்களையும் உட்காரவைத்து விளக்கினாள். கோபம் வருமுன் அவளுக்குப் பின்கழுத்து சூடாகுமாம். உடனே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாளாம், தணிந்ததும் வருவாளாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம். சொன்னபடியே செய்யவும் செய்தாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மனசு என்று ஒன்று இருந்தால் தானாக வெடிக்காதா, இப்படியா அறிவிப்புக் கொடுப்பார்கள் என்று புலம்பினாள். நானும் தலையாட்டினேன், வேறென்ன.

தம்பி டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். கோபமா என்று கேட்பாள். இல்லை என்பான். நம்பிவிடுவாள்! சாப்பாடு வேண்டாம் என்றால் அவன் பங்கை மூடி வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவாள். நம் துரை அப்புறம் பிஸ்கட் டப்பாவைத் துழாவுவார். எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று சுருண்டு படுத்திருந்தான். அவளுக்குத் தலை வலித்தால் தனியாக விட்டால்தான் பிடிக்கும். அதனால் அவனையும் விட்டுவிட்டாள். எழுந்து வந்தவன், சனியன் பிடித்தவன், எல்லோர் முன்னாலும் சொன்னான்: “எனக்கு நீ வேண்டாம்.”

வேறு யாராக இருந்தாலும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பார்கள். இவள், கோபமா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றான். அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். பின்னாலேயே ஓடினேன்.

“அவன் ஏதோ கோபத்துல சொல்லிட்டான்மா.”

“கோபமான்னு கேட்டேனே அண்ணி. இல்லன்னுதானே சொன்னாரு.” கண்ணீர் வழிந்தது, கை மடிப்பதை நிறுத்தவில்லை. “எனக்கு ரொம்ப வலிக்குது. ஆனா வேண்டாம்னு சொன்னவர்கூட எப்படி இருக்கறது?”

கல்லாம் கல்லு, என் வாயில் அடிக்க. தம்பியை இழுத்துவந்து நிறுத்தி, வாயைத் திறந்து சொல்லித் தொலையடா என்றேன். அவன் முகம் வெளுத்திருந்தது. போகாதே என்ற ஒரு சொல் போதும். அது எங்கள் பரம்பரையிலேயே யாருக்கும் வராது. சுவரைப் பார்த்துக்கொண்டு முறுக்காகச் சொன்னான்: “உன் இஷ்டம்.”

தொலைந்தது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அதற்கு, போய்த்தான் பாரேன் என்று அர்த்தம்.

அவள் மடித்த துணியைக் கையில் வைத்தபடி கொஞ்சம் யோசித்தாள்.

“என் இஷ்டம்னா, நான் இருக்கேன். எனக்கு உங்கள பிடிக்கும்.”

துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். தம்பி கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் பக்கத்தில் போய், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறையில், இது வருத்தமா சந்தோஷமா என்று விசாரித்தாள்.

“தெரியல,” என்றான்.

“சரி. தெரிஞ்சதும் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்.”